தங்கப்பழம் பனி தள்ளிய தெரு

கீழச் சிப்பிவிளையின் வடக்குத் தெருவில் பனி விழுந்த கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அது ஏன் விழுந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் தெருவின் முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் அதை ஒருநாளும் கேட்டதில்லை, ஏனென்றால் அதிகாலை நாலு மணிக்கு உப்பளத்துக்குப் போய்ப் பதினொரு மணிக்குத் திரும்பி, கஞ்சியைக் குடித்துவிட்டுக் கட்டையைச் சாய்க்கிற ஜனங்களுக்கு, வாசலை அடைத்துக்கொண்டு கிடப்பதை எங்கே தள்ளுவது என்பதுதான் கேள்வி.

சித்திரை மாதம், கத்தரி வெயில் மண்டையைப் பிளக்கிற மூன்று மணிக்கு அது முதல்முதலாக விழுந்தபோது, முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் வற்றலை அள்ள வந்த சுயம்புக்கனிதான் பார்த்தாள். வற்றல் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததை, காற்று அளத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்த உப்பு என்று நினைத்து ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். விரல் சில்லிட்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை, கரிக்கவில்லை என்பதால்தான் இன்னொரு விரலையும் தொட்டு வைத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயதுக்குள் கரிக்காத வெள்ளையை அவள் சோற்றிலும் வேட்டியிலும் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டது. தினமும் மூன்று மணிக்குத் தொடங்கும், விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிற்கும். தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும் டீக்கடை விளக்குக் கம்பத்திலிருந்து கிழக்குக் கோடியில் உப்புக் கம்பெனி மேனேஜர் வில்வராஜின் பங்களா போர்ட்டிகோவரை விழும், அதற்கு அந்தப் பக்கம் ஒரு துளி விழாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் ஒரு கால் வெயிலிலும் ஒரு கால் பனியிலும் இருக்கும். வெள்ளையில் வெள்ளைக் கோலம் தெரியாது என்பதால் பெண்கள் செங்கல் பொடியில் கோலம் போட்டார்கள். அம்மன் கோயிலில் செருப்பில்லாமல் சுற்றி வந்த இரண்டு பேருக்குக் கால் மரத்துப்போனதும், காலுறைக்குத் தோஷமில்லை என்று பூசாரி அம்மனிடம் உத்தரவு கேட்டுச் சொன்னார். நன்னாரி சர்பத் விற்கிறவர் பாட்டிலோடு வந்து வாசலிலேயே பனியைக் கிண்ணத்தில் அள்ளி மேலே ஊற்றிக் கொடுத்தார். வி.ஏ.ஓ. தன் பேரேட்டில் இதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லி, சேத விவரத்தில் எழுதலாமா வரவு விவரத்தில் எழுதலாமா என்று மேலிடத்துக்குக் கேட்டு அனுப்பினார். மேலிடம் மாதிரி கேட்டது. பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தது தண்ணீர், தண்ணீர் சாதாரணத் தண்ணீர்தான் என்று பதில் வந்தது.

சாதாரணத் தண்ணீர் என்று எழுதியவருக்குச் சிப்பிவிளையின் கிணறுகளைத் தெரியாது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் கரிப்புத்தான். அந்தத் தெருவுக்குள் வெயிலில் எத்தனை நாள் கிடந்தாலும் உருகாத இந்தப் பனி, பானையில் அள்ளி அடுப்பங்கரையில் வைத்தால் சமர்த்தாகக் கரைந்து இனிக்கிற தண்ணீராகும். வடக்குத் தெருவில் பெண் எடுக்கத் தயங்கியவர்கள் எல்லாம் வீட்டோடு மாப்பிள்ளை கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

ஆனால் உருகாததால் நாளுக்கு நாள் ஏறி முழங்கால் அளவு வந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், குளிர்நாடுகளில் ரோட்டில் உப்பைக் கொட்டித்தான் இதைக் கரைப்பார்கள், உங்களிடம்தான் மலை மலையாகக் கிடக்கிறதே என்று யோசனை சொன்னார். தெருவே அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பகல் முழுக்க உப்பை மிதிக்கிறவர்கள்தான், ஆனால் பாத்தியில் மிதிப்பது வேலை. வாசலில் கொட்டி அதன் மேல் செருப்புக் காலோடு நடந்தால் மகாலட்சுமியை மிதித்ததாகும். ஆகவே ஒரு பக்கம் உப்பு மலை இருக்க, உப்பு வாருகிற பலகையை வைத்து இடுப்பு ஒடிய ஒடியப் பனியை வாரித் தள்ளினார்கள்.

இந்த இடத்தில்தான் சுயம்புக்கனியின் புருஷன் தங்கப்பழம் எழுந்து உட்கார்ந்தான். அவனிடம் ஒரு பீச் பைக் இருந்தது, கடற்கரை மணலில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற, நாலு தடித்த டயர் போட்ட, குந்தியிருக்கும் தவளை மாதிரியான வண்டி. ஒரு பயணி விழுந்து கையை ஒடித்துக்கொண்டதில் போலீஸ் அந்தத் தொழிலையே நிறுத்திவிட, மூன்று வருஷமாக வண்டி ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலும் அவன் கயிற்றுக்கட்டிலிலுமாகக் கிடந்தார்கள். சுயம்புக்கனி சம்பாதித்துப் போட்டாள். ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதே அவனைக் குத்துகிறது என்று தெரிந்து, நடுவில் நடுவில் வேண்டுமென்றே நாலு சொல் சொல்லியும் பார்த்தாள்.

அவன் பழைய டீசல் பீப்பாய் ஒன்றை நெடுக்காக வெட்டி, பாதியை வண்டியின் முகத்தில் பற்றவைத்து, கயிற்றை இழுத்தால் தூக்கவும் விட்டால் இறங்கவும் வழி செய்தான். முதலில் தன் முற்றத்தைத் தள்ளினான். ஒரே ஓட்டத்தில் சுவர் முதல் வேலிவரை தரை தெரிந்தது. பக்கத்து வீட்டு பொன்னுக்கிளி வேலிமேல் தலையை நீட்டி, "ஏ தங்கப்பழம், அப்படியே நம்ம வாசலையும் ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிரு" என்றாள். அதன் பிறகு முப்பத்தொரு வாசலும் அவன் வாசல்தான். பெண்களும் ஆண்களும் அளத்து வேனில் ஏறிப் போனபின், விடிகிற வேளையில் வண்டியை எடுப்பான், அவர்கள் திரும்புகிறபோது தெரு துடைத்துவிட்ட தட்டுப் போலக் கிடக்கும். தள்ளிய பனியை அந்த ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்திலேயே தெருக்கோடியில் அம்பாரமாகக் குவித்து, மழையில் கரையாதிருக்க உப்புக்கு வேய்வது போலவே பனையோலை வேய்ந்தார்கள். அந்தப் பனிக்கு ஓலை வேண்டியதே இல்லை. வெள்ளையாக எதைக் குவித்தாலும் ஓலை போட்டு மூடாமல் அவர்களால் தூங்க முடியாது.

"ஒன் புருசன் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆளுட்டி" என்று வேனில் பொன்னுக்கிளி சொல்லும்போது சுயம்புக்கனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சிரிப்பை அடக்கத்தான். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவளுடைய புருஷன் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். அவனுக்குச் சூடாக இருக்கட்டும் என்று மீன்குழம்பை இறக்காமல் அடுப்பிலேயே வைத்திருந்தாள்.

ஆடி மாதத்தில் தெருவின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட் அடித்த கற்கள் முளைத்தன. அந்தத் தெரு கம்பெனி குத்தகை நிலத்தில் இருக்கிறதாம், நாற்பது வருஷமாகக் கம்பெனி பெரிய மனதோடு விட்டுவைத்திருந்ததாம், இப்போது அங்கே பனிப் பூங்கா வரப்போகிறதாம், மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து சறுக்கி விளையாடுவார்களாம், ஆகவே பொங்கலுக்குள் காலிசெய்ய வேண்டும் என்று மேனேஜர் வில்வராஜ் டீக்கடையில், வெயில் விழுகிற பக்கமாக நின்று சொன்னார். யாரிடமும் பட்டா கிடையாது. கரண்டு ரசீதும் ரேஷன் கார்டும் தவிர அந்த வீடுகள் அவர்களுடையவை என்று சொல்ல எதுவும் கிடையாது.

பெண்கள்தான் கூடினார்கள். ஆண்கள் கூடினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம், ஆண்கள் கூடினால் பேச்சுக்கு முன்னால் பாட்டில் வந்துவிடும் என்பது இன்னொன்று. பனி நின்றதும் ரேஷன் கடைத் திண்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டுக் கொட்டகையில் உட்காருவார்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்பதால் சுயம்புக்கனிதான் மனு எழுதினாள். அவளுக்கு அந்த வீடு வெறும் வீடில்லை, பிறந்து ஒன்பதாம் நாள் போன ஒரு பிள்ளையை அதன் பின்பக்கத்தில்தான் புதைத்திருந்தாள். அதை மனுவில் எழுதவில்லை.

முதல் தடவை, திங்கட்கிழமை கலெக்டரிடம் போவதென்று முடிவானது. அந்தத் திங்கட்கிழமை, வராதவர்களுக்கு இனி வேலை கிடையாது என்று சொல்லி அளத்தில் காலையும் மாலையுமாக இரட்டைப் பாடு போட்டார்கள். இரண்டாம் தடவை, டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள், அவர்கள் போவதற்கு ஒருநாள் முன்பே வில்வராஜ் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மூன்றாம் கூட்டத்தில் பொன்னுக்கிளி எழுந்து நின்றாள்.

"யாரோ நம்மள்ல இருந்து சொல்லுதாவ. யாருன்னு நான் கேக்கல. ஆனா பங்களாவுக்குப் பறந்து போவ முடியாதுல்லா. காலையில தடத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

இதையும் சுயம்புக்கனி வீட்டுக்கு வந்து, மீனை முள் எடுத்து அவன் தட்டில் வைத்துக்கொண்டே தங்கப்பழத்திடம் சொன்னாள். எல்லாக் கூட்டத்தையும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷனிடம் சொல்வதை வெளியே சொல்வதாக உலகத்தில் எந்தப் பெண்தான் நினைப்பாள்? அவன், "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே ஒரு வாய் கூடுதலாகச் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த நாளிலிருந்து அவன் பங்களா வாசல்வரைக்கும் பனி தள்ளினான்.

"அங்க யாரு இருக்கா நம்மாளு? எதுக்கு அம்புட்டுத் தூரம் பெட்ரோல எரிக்கிய?" என்று கேட்டாள்.

"வண்டி திரும்ப எடம் வேணும்லா" என்றான். வண்டிக்குத் திரும்ப இடம் வேண்டும்தான். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

அந்த வாரத்திலிருந்து தெருவில் ஏதோ மாறியது. வேனில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. கூட்டம் எப்போது என்று கேட்டால், "இப்போதைக்கு இல்லட்டி, பாப்போம்" என்றாள் பொன்னுக்கிளி, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு. ஒருநாள் சாயங்காலம் ஓட்டுக் கொட்டகையிலிருந்து எல்லாரும் கலைந்து போவதைத் தூரத்தில் பார்த்தாள். யார் வீட்டிலோ சடங்குக்குச் சீர் பேசியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

மழை பிந்திய ஐப்பசியில் ஒருநாள் அளத்தில் மோட்டார் புகைந்து, பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை, ஏழு மணிக்கே எல்லாரையும் வேனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் இறங்கினால் நேற்று விழுந்த பனி விழுந்தபடி கிடந்தது. முற்றத்தில் தவளை வண்டி நின்றது, தங்கப்பழத்தைக் காணோம். டவுனுக்கு ஏதாவது சாமான் வாங்கப் போயிருப்பான் பாவம், வருவதற்குள் நாமே தள்ளிவிடுவோம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுயம்புக்கனி வண்டியில் ஏறினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஓட்டக் கற்றிருந்தாள்.

பீப்பாயை இறக்கப் போனவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் வீட்டு நடையிலிருந்து ஒரு தடம் கிளம்பியிருந்தது. அளத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் ரப்பர் செருப்போடு வேனுக்குப் போவார்கள், அந்தத் தடங்கள் எல்லாம் மேற்கே டீக்கடைப் பக்கம் போயிருந்தன. இது ஒன்றுதான் கிழக்கே போயிருந்தது, செருப்புத் தடமுமில்லை, பூட்ஸ் தடம். கம்பெனி எப்போதோ ஒரே அளவில் எல்லாருக்கும் கொடுத்த முழங்கால் பூட்ஸ், பாத்தியில் வெறுங்காலால்தான் மிதிக்க முடியும் என்பதால் அளத்துக்கு உதவாமல் கிடந்து, பனி விழுந்த பிறகு சாயங்காலங்களில் பெண்களுக்கு உதவியது. தடத்தில் வலது குதிகாலுக்குக் கீழே அரைவட்டமாக ஒரு ஒட்டு பதிந்திருந்தது. சுயம்புக்கனியின் வலது பூட்ஸில் பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய இடம் அது. கூட்டம் முடிந்ததும் வாசலில் வரிசையாகக் கழற்றிப்போட்ட பூட்ஸ்களில் தன்னுடையதை அவள் அந்த ஒட்டைப் பார்த்துத்தான் எடுப்பாள். மற்றவர்களும் அதை வைத்துத்தான் அவளுடையதை விலக்கிவிட்டுத் தங்களுடையதை எடுப்பார்கள்.

வண்டியை ஓரமாக ஓட்டிக்கொண்டு தடத்தோடு போனாள். பங்களா கேட்டுக்குள் அது நுழைந்து, போர்ட்டிகோவில் கார் நிற்கிற இடத்தில் முடிந்திருந்தது. காரைக் காணோம், அதன் டயர் தடம் பின்பக்கத்துக் கம்பெனி ரோட்டுக்குத் திரும்பியிருந்தது. போன தடம் இருந்தது, வந்த தடம் இல்லை. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொரு கூட்டத்தையும் தான் சொன்ன வேளைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன, அவன் தட்டில் வைத்த மீன் என்ன மீன் என்பதுகூட ஞாபகம் வந்தது. ஒருநாள் சீலா, ஒருநாள் ஊளி. தன் வாயாலேயே தன் வீட்டைக் கொடுத்திருக்கிறாள்.

கயிறு கையில் இருந்தது. விட்டால் பீப்பாய் இறங்கும், ஒரே ஓட்டத்தில் கேட்டிலிருந்து வீடுவரை எல்லாம் வழித்துப் போய்விடும், அந்தப் பூட்ஸ் யாருடையது என்று கேட்க ஆளிருக்காது. மூன்று மாதமாக அவன் செய்ததும் அதுதான். அவள் கயிற்றைக் கொக்கியில் மாட்டி இறுக்கிவிட்டு, தடத்தை மிதிக்காமல் நடந்து போய் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினாள்.

பெண்கள் வந்தார்கள். தடத்தையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள். ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. தன்னை ஏன் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்பது சுயம்புக்கனிக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"இது எம் பூட்ஸு" என்றாள்.

"தெரியும்" என்றாள் பொன்னுக்கிளி.

"எப்பத் தெரியும்?"

பொன்னுக்கிளி முந்தானையைத் திருகினாள். "ஆவணியில. எனக்குப் பல்வலின்னு வேலைக்கு வரல பாரு, அன்னைக்கு. ஆட்ட மேய்க்க இந்தப் பக்கம் வந்தேன். தெருவெல்லாம் தள்ளிக் கெடந்துச்சு. கேட்டு மூலையில மட்டும் வண்டி எட்டாத எடத்துல ஒரே ஒரு தடம் கெடந்துச்சு. ஒட்டுப் போட்டது."

"எங்கிட்ட கேக்கலயே மதினி."

"என்னன்னு கேக்கச் சொல்லுத?"

சுயம்புக்கனி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். இருபது வருஷமாக மாசிமாதம் தொடங்கும்போது பாத்தியை இறுக்க இவர்களோடு தோளோடு தோள் நின்று களிமண்ணை மிதித்திருக்கிறாள். ஒரு வரிசையாக நின்று, ஒரு தடத்தை ஒட்டி மறுதடம் வைத்து, பாத்தி முழுக்க இடைவெளியில்லாமல் மிதித்துக்கொண்டே பின்வாங்க வேண்டும், ஒரு விரற்கடை விட்டுப்போனாலும் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒவ்வொருத்தியும் கால் எட்டி வைக்கிற எட்டு அடுத்தவளுக்கு மனப்பாடம். மிதித்து முடித்த பாத்தியைப் பார்த்து இந்த ஓரம் யார் மிதித்தது என்று மேஸ்திரி கேட்டால், கூட்டிக் கழிக்காமல் பேர் சொல்வார்கள்.

"ஒரு தடத்தப் பாத்தியல்லா" என்றாள். "இப்ப மொத்தத்தையும் பாருங்க. நானா?"

பெண்கள் குனிந்தார்கள். ஒருத்தி தடத்துக்கும் தடத்துக்கும் இடையே சாணால் அளந்தாள். இரண்டு பேர் பக்கத்தில் நடந்து பார்த்தார்கள். சுயம்புக்கனியின் எட்டு குட்டை எட்டு, பாத்தியில் மற்றவர்கள் பத்து வைக்கிற இடத்தில் அவள் பதின்மூன்று வைப்பாள், இது தாராளமாகக் கைவீசிப் போகிறவனின் எட்டு. பொன்னுக்கிளி அந்தத் தடங்களின் ஓரமாகவே அவள் வீட்டு நடைவரை போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"பூட்ஸு ஒன்னுது. நட ஒன்னுது இல்லட்டி" என்றாள். பிறகு, "ஒரு தடத்துல நட தெரியாதுல்லா கனி" என்றாள்.

"இருவது வருசத்துல தெரிஞ்சிருக்கணும் மதினி" என்றாள் சுயம்புக்கனி.

எட்டரை மணிக்குக் கார் வந்தது. தெருவில் இத்தனை பேரைப் பார்த்ததும் டிரைவர் டீக்கடைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார், முன் இருக்கையில் இருந்த வில்வராஜ் இறங்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு தங்கப்பழம் இறங்கினான். வெளுத்த சட்டை, நெற்றியில் விபூதி, கையில் ஒரு காகிதம், காலில் அவளுடைய பூட்ஸ். அவன் இறங்கியதும் கார் பின்னாலேயே போய் வெயிலில் திரும்பி மறைந்துவிட்டது.

கூட்டத்தையும் தடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன், எல்லாரையும் விட்டுவிட்டு நேரே அவளிடம் வந்து காகிதத்தை நீட்டினான். பனிப் பூங்கா வந்ததும் பத்து வண்டிகளுக்கு அவனைத் தலைவனாகப் போடுவதாகவும், அவன் குடும்பத்துக்கு மட்டும் பூங்காவுக்குள்ளேயே ஒரு குடியிருப்பு விடுவதாகவும் டைப் அடித்திருந்தது. ஸ்டாம்பு இல்லை, முத்திரை இல்லை.

"நம்ம வீடு போவாதுளா. நமக்கு மட்டும் போவாது. ஒனக்காவத்தான் செஞ்சேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது, அதனால் வெறுப்பு குறையவில்லை.

"எம் பூட்ஸ எதுக்குப் போட்டிய?"

"செருப்பு சறுக்குது. இதுதானே கெடந்துச்சு, நடையில."

"ஒங்க பழைய பூட்ஸு கொட்டில்ல கெடக்கே."

அவன் கீழே பார்த்தான். முப்பது பெண்கள் காது கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை மறந்தவன் போல, அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில், வீட்டுக்குள் பேசுவது மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"எந்தடம்னா கொன்னு போட்டிருப்பாவ கனி. ஒன்னுதுன்னா ஒண்ணும் சொல்லமாட்டாவன்னு நெனச்சேன். ஒம்மேல எல்லாருக்கும் பிரியம்லா."

"அப்ப நெனச்சுத்தான் போட்டிருக்கிய" என்றாள்.

காகிதத்தை அவளே வாங்கி, நாலாக மடித்து, அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். மத்தியானம்வரை அங்கேயே இருந்தாள். அவன் உள்ளே வந்ததும், அடுப்பில் எதையோ உருட்டியதும், வெளியே போனதும் கேட்டது.

மூன்று மணிக்குப் பனி விழத் தொடங்கியது, எப்போதும் விழுகிற மாதிரியே, யாருக்கு என்ன நடந்தது என்று ஒரு கவலையும் இல்லாமல். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வெளியே வந்தபோது, தங்கப்பழம் தவளை வண்டியில் ஏறி உட்கார்ந்து, தெருக்காரர்கள் ஆளுக்கொரு வாருபலகையோடு அவரவர் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. அவளுடைய பூட்ஸ்களைக் கழுவித் துடைத்து, அவள் காலை நுழைக்க வசதியாக வாசலைப் பார்த்து வைத்திருந்தான்.

"முத்தத்தையாவது தள்ளட்டா கனி?" என்றான்.

"வேண்டாம். விழுந்தது விழுந்தபடி கெடக்கட்டும். இனிமே நீங்க எங்க போனாலும் நான் பாக்கணும்."

பூட்ஸைத் தாண்டி வெறுங்காலோடு பனிக்குள் இறங்கினாள். முதல் எட்டிலேயே குளிர் குதிகாலில் ஏறி முழங்காலைப் பிடித்தது. தெருவின் ஓரத்தில் தள்ளிவிட்ட வழி இருந்தும் நடுவிலேயே நடந்தாள், ஐந்து விரலும் குதியும் தனித்தனியாகப் பதிய, தன் குட்டை எட்டுகளாக. வாசலுக்கு வாசல் பலகைகள் நின்றன. பொன்னுக்கிளி தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, "போட்டுக்கோட்டி, கால் வெடிச்சிரும்" என்றாள். சுயம்புக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டுக் கொட்டகையில் எல்லாரும் வந்து சேரும்வரை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கால் நீலமாகிவிட்டிருந்தது. யாரோ சாக்கைக் கொண்டுவந்து காலுக்கடியில் விரித்தார்கள், அதை மட்டும் ஒதுக்கவில்லை. பொன்னுக்கிளி எதிரில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்கள மன்னிச்சிருட்டி கனி."

"அதெல்லாம் அப்புறம் பாப்போம் மதினி. என்ன விட்டுட்டு என்னைக்குக் கலெக்டர் ஆபீசுக்குப் போறதா இருந்திய? அந்தத் தேதியச் சொல்லுங்க."

கொட்டகையில் இருந்த முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு" என்றாள் பொன்னுக்கிளி.

சுயம்புக்கனி எழுதிய பழைய மனுவை வேறொரு கையெழுத்தில் பார்த்து எழுதிய தாள் நடுவில் கிடந்தது, கீழே முப்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன, அவளுக்கென்று அதில் இடம் விட்டிருக்கவில்லை. தாளை இழுத்து, ஓரத்தில் தன் பேரை எழுதினாள்.

"மொதல் பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா?" என்று கேட்டாள்.